நேர்த்திக்கடனும் கட்டாயச் செயலும்: அரியக்குடித் தல மரபை முன்வைத்து எண்ணச் சுழற்சி நோயின் வரலாறு

திறவுச்சொற்கள்: எண்ணச் சுழற்சி நோய், நேர்த்திக்கடன், அரியக்குடி, சரணாகதி, ஆசாரம்

முன்னுரை

காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் அமைந்துள்ள திருவேங்கடமுடையான் கோயில் ‘தென் திருப்பதி’ என வழங்கப்பெறுகிறது. திருப்பதிக்கு நேர்ந்துகொண்ட காணிக்கையை, அங்குச் செல்ல இயலாதோர் இங்குச் செலுத்துவது வழக்கம். ஆண்டுதோறும் திருப்பதிக்கு நடந்து சென்ற அடியார் ஒருவர் முதுமையால் தளர்ந்தபோது, பெருமாளே அவருடைய ஊருக்கு வர இசைந்தார் என்பது தல வரலாறு. இம்மரபில் நேர்த்திக்கடனுக்கு ஓர் அளவு உண்டு; இயலாதபோது மாற்று வழி உண்டு; செலுத்தியபின் நிறைவு உண்டு. இம்மூன்றும் வாய்க்காத செயலே எண்ணச் சுழற்சி நோயில் காணப்படும் கட்டாயச் செயல் ஆகும். ஒருவர் கை கழுவுகிறார்; தூய்மையாயிற்று என்ற உணர்வு வருவதில்லை; மீண்டும் கழுவுகிறார்.

சடங்கும் நோயும்

1907இல் சிக்மண்ட் பிராய்டு இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கட்டாய நோயைத் தனிமனித மதமாகவும், மதத்தைப் பொதுவான கட்டாய நோயாகவும் கருதலாம் என்பது அவர் கருத்து. புறத்தோற்றத்தில் ஒப்புமை உண்மையே. ஆயினும் நேர்த்திக்கடன் முடிவுறும் செயல் என்பதையும், ஊரறிய நிகழ்வது என்பதையும் இவ்வொப்பீடு போதிய அளவு கருதவில்லை. நோயாளியின் செயலோ பெரும்பாலும் மறைவில் நிகழ்கிறது. பொருளற்றது என அவரே அறிந்தும் விட இயலாமல் நிகழ்கிறது.

இவ்வறிவு நோயாளிக்கு உண்டு என்பதை மருத்துவ உலகம் முன்பே குறித்திருந்தது. பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட நூலில் வணிகச் சூழலில் வளர்ந்த பெண் ஒருவரை விவரிக்கிறார். கணக்கு முடிக்கும்போது பிழை நேர்ந்து பிறருக்கு இழப்பு உண்டாகுமோ என்று அப்பெண் அஞ்சினார். காசைத் திருப்பிக் கொடுத்தபின் விலையுள்ள ஏதேனும் விரல்களில் ஒட்டியிருக்குமோ என்று ஐயுற்றார். தம் அச்சம் நகைப்புக்குரியது என்பதையும் அவர் அறிந்திருந்தார். கணக்கின் நேர்மையை அறமாகப் போற்றிய செட்டிநாட்டு வணிகச் சூழலை அறிந்தோர்க்கு இச்சித்திரம் அயலாகத் தோன்றாது. 1877இல் ஜெர்மானிய மருத்துவர் வெஸ்ட்பால், அறிவு பழுதுறாத நிலையிலேயே இவ்வெண்ணங்கள் வலிந்து புகுகின்றன என வரையறுத்தார்.

வைணவ மரபில் ஐயம்

அரியக்குடிக் கோயில் சார்ந்த வைணவ மரபிலேயே ஐயத்தின் இயல்பை விளக்கும் உவமை ஒன்று உண்டு. பிரமாத்திரத்தால் கட்டுண்ட அனுமனை அரக்கர் கயிறுகளாலும் கட்டினர். வேறு கட்டைப் பொறாத அத்திரம் தானே நழுவியது. சரணாகதி செய்தவன் அதனை நம்பாது வேறு உபாயத்தைத் தேடினால் சரணாகதியே நழுவும் என்பதற்கு ஆசாரியர்கள் இதனை எடுத்துக்காட்டினர். இது மருத்துவக் கூற்று அன்று. அவ்வாறு கொள்வது காலப் பிழையாகும். எனினும் உறுதிக்கு மேல் உறுதி தேடுவது உறுதியையே அழிக்கும் என்ற புரிதல் தமிழ் வைணவச் சிந்தனைக்குப் புதிதன்று. 1966இல் இலண்டனில் விக்டர் மேயர் பதிவு செய்த சிகிச்சைமுறையும் ஏறத்தாழ இவ்விடத்தையே தொடுகிறது: அஞ்சும் பொருளை நோயாளி எதிர்கொள்ள வேண்டும், ஆனால் கழுவுதல் முதலிய மாற்றுச் செயலைத் தவிர்க்க வேண்டும். ‘சுத்தமாகத்தான் இருக்கிறது’ என வீட்டார் திரும்பத் திரும்பக் கூறும் ஆறுதலும் மேலே கட்டிய கயிறே.

பெயரிடலின் சிக்கல்

வங்காளத்தில் தூய்மைப் பித்தினைச் ‘சுசிபாய்’ என்பர். அஜிதா சக்கரவர்த்தியும் பானர்ஜியும் 1975இல் இந்திய உளமருத்துவ இதழில் இதனை ஆராய்ந்தனர். தமிழில் மடி, விழுப்பு, தீட்டு என ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல உள. அவ்வொழுக்கம் நோயாகத் திரியும் எல்லையைக் குறிக்கும் வழக்குச் சொல் தெளிவாக இல்லை. ‘ஆசாரம் மிகுந்தவர்’ என்ற பாராட்டே நோயை மறைத்துவிடுகிறது. ‘எண்ணச் சுழற்சி’ என்ற இன்றைய கலைச்சொல் திரும்ப நிகழ்தலை உணர்த்துகிறது. நோயாளி அதனை எதிர்த்துப் போராடுவதை உணர்த்தவில்லை. ‘பித்து’ என்பதோ அவருடைய அறிவையே மறுத்துவிடுகிறது.

இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. 2001 ஆகஸ்ட் 6இல் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில் நேர்ந்த தீ விபத்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேரின் உயிரைப் பறித்தது. அதன்பின் எழுந்த விவாதம் இன்றியமையாதது. ஆனால் அது வெளிப்படையான பித்தையே மையமாகக் கொண்டது. கிணற்றடியிலும் பூசையறையிலும் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டவர் அவ்விவாதத்தில் இடம்பெறவில்லை. அவரைப் பிணைத்த சங்கிலி பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013இல் இந்நோயைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி இயலாக்கியது. அளவிறந்து பொருள் சேர்த்தல், உடல்தோற்றக் குறை பற்றிய பெருங்கவலை, முடி பிடுங்குதல், தோல் கிள்ளுதல் ஆகியன அவ்வியலில் உடன் சேர்ந்தன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் பகுப்பும் இவ்வழியையே பின்பற்றி 2022இல் நடைமுறைக்கு வந்தது. இவற்றுள் முடி பிடுங்குதல் முதலியவற்றை ஆசாரம் என்று எவரும் பாராட்டுவதில்லை. ‘கெட்ட பழக்கம்’ என்று கண்டிக்கின்றனர். பாராட்டாலும் கண்டிப்பாலும் மருத்துவரை நாடும் நாள் தள்ளிப்போவது ஒன்றே.