ஜொகூர் மண்ணும் கேட்கப்படாத சாட்சியமும்

பாண்டியன் அவையில் கண்ணகிக்கு நீதி கிடைத்தமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவள் கையில் ஒற்றைச் சிலம்பு சான்றாக இருந்தது. அவளை உள்ளே அழைத்து, நீ யார், உனக்கு நேர்ந்தது யாது என்று வினவும் மன்னனும் இருந்தான். கோவலனைத் தீர விசாரியாது கொன்ற பெரும்பிழையைச் செய்தவனாயினும், சாட்சி கூற வந்தவளைக் கேளாது திருப்பி அனுப்பும் சிறுமை அவனிடம் இல்லை. சான்று மட்டும் நீதியைத் தந்துவிடாது. அதனைக் கேட்கும் அவையும் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஜொகூர் மக்களும் ஜொகூர் மண்ணும் கண்ட இரு கொடுமைகளை அருகருகே வைத்து நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

முதலாவது கொடுமை பாரிட் சூலோங்கில் நிகழ்ந்தது. 1942ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஜப்பானியப் படை ஜொகூரில் மூவார் ஆற்றைக் கடந்து முன்னேறியது. பக்ரி சாலையில் கடும்போர் புரிந்து பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் பாரிட் சூலோங் பாலத்தை அடைந்தபோது, அது பகைவர் கையில் இருந்தது. நடக்க வல்லோர் காட்டினூடும் சதுப்பினூடும் தப்பிச் சென்றனர்; படுகாயமுற்றோரை விட்டுச் செல்வதன்றி வேறு வழியில்லை. ஜனவரி 22ஆம் நாள், கைதிகளான அக்காயமுற்றோர் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டு, எரியூட்டப்பட்டனர். மாண்டோர் ஏறத்தாழ 150 பேர். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்திரேலியர், எஞ்சியோர் இந்தியர்.

அவர்களுள் பென் ஹாக்னி என்னும் ஆஸ்திரேலிய அதிகாரி பிணம்போல் கிடந்து உயிர் தப்பினார். போருக்குப் பின் அவர் அளித்த வாக்குமூலம் வழக்கிற்கு உயிரூட்டியது. படைத்தலைவர் நிஷிமுரா தக்குமா மானுஸ் தீவில் ஆஸ்திரேலிய இராணுவ நீதிமன்றத்தால் 1950ஆம் ஆண்டு விசாரிக்கப்பட்டு, 1951ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அத்தீர்ப்பின்மீது பிற்காலத்தில் ஐயங்கள் எழுப்பப்பட்டதுண்டு. எனினும், இறந்தோர் பொருட்டு ஒரு நாடு கேள்வி எழுப்பியது. ஓர் அவை கூடியது. ஒரு சாட்சி கேட்கப்பட்டது.

இரண்டாவது கொடுமை ஜொகூரின் தோட்டப்புறங்களில் தொடங்கிச் சயாமியக் காடுகளில் முடிந்தது. 1909ஆம் ஆண்டு நிறைவுற்ற ஜொகூர் இரயில் பாதையை ஒட்டிச் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் காடு திருத்தவும் பால் மரம் சீவவும் கங்காணிகளால் தமிழ்நாட்டிலிருந்து கொணரப்பட்டவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். ஜப்பானிய ஆட்சி வந்ததும் மேலைநாட்டுச் சந்தை அறுபட்டது. ரப்பருக்கு விலையில்லாது போயிற்று. துரைமார் ஓடிப்போயினர். அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. இவ்வாறு வேலையும் உணவும் அற்ற லயங்களைத் தேடித்தான் சயாமுக்கு ஆள் எடுக்கும் ஆணை வந்தது.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையை விரைந்து முடிக்க ஜப்பானியப் படை முனைந்தது. 1942இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் நிறைவுற்றது. முதலில் நல்ல கூலி, இலவச உணவு, சில மாதங்களில் திரும்பலாம் என்னும் உறுதிமொழிகள் கூறப்பட்டன. சென்றவர் திரும்பாமையால் மேலும் எவரும் செல்ல முன்வரவில்லை. பின்னர்ப் பட்டியல் போட்டும் வழியில் மறித்தும் ஆட்கள் பிடிக்கப்பட்டனர். இலவசத் திரைப்படம் என்று கூட்டிக் கதவடைத்து ஏற்றியதையும் மீண்டு வந்தோர் கூறியுள்ளனர். சரக்குப் பெட்டிகளில் நாட்கணக்கில் நின்றும் குந்தியும் பயணம் செய்தவர்கள், பான்போங்கில் இறங்கிக் காட்டுவழியே நடத்திச் செல்லப்பட்டார்கள்.

மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர் 75,000 பேர் வரை இருப்பர் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். போர்க்கைதிகளுக்கு அவர்தம் அதிகாரிகளும் மருத்துவர்களும் உடனிருந்தனர். முகாமில் ஒழுங்கும் தூய்மையும் பேணுதற்கு ஓர் அமைப்பு இருந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு அவை எவையும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது அவர்களுடைய கொட்டகைகளில் மரணம் கொள்ளையிட்டது. கைதிகளிலிருந்து மருத்துவக் குழுக்கள் அவர்களுக்கென அனுப்பப்பட்டன. ஆனால் அவை மிகச் சிறியனவாக இருந்தன, காலந்தாழ்ந்தே வந்தன.

மாண்டோர் எத்தனை பேர்? ஜப்பானியக் கணக்கு ஏறத்தாழ 30,000 என்கிறது. பிற மதிப்பீடுகள் 40,000க்கும் மேல் என்கின்றன. இடையிலுள்ள பத்தாயிரம் என்பது பத்தாயிரம் குடும்பங்களின் துயரம். காஞ்சனபுரியில் உள்ள போர்க்கைதிகளின் இடுகாட்டில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் மாண்டவரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்த் தொழிலாளரின் உடல்களோ பாதையோரத்துப் பெருங்குழிகளில் பெயரின்றிப் புதைந்தன. எண்ணப்படாத சாவு, வழக்கிலும் எண்ணப்படுவதில்லை.

இக்கொடுமையைத் தண்டிக்கச் சட்டம் இல்லை என்று கூறுதல் இயலாது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் 1930ஆம் ஆண்டு அனைத்துலக உடன்படிக்கையை ஜப்பான் 1932இல் ஏற்றிருந்தது. கைப்பற்றிய நாட்டின் குடிமக்களை அடிமை வேலைக்குக் கடத்துதல் போர்க்குற்றம் என்று நூரம்பர்க் நீதிமன்றத்தின் சாசனம் வரையறுத்தது. ஐரோப்பிய மக்களை அவ்வாறு கடத்திய பிரிட்ஸ் சாக்கெல் 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அதே திங்களில் சிங்கப்பூரில் சயாம் பாதைக்குப் பொறுப்பான உயர் அதிகாரிகள்மீது வழக்குத் தொடங்கியது. அதுவோ போர்க்கைதிகள் பட்ட துன்பத்தையே மையமாகக் கொண்டிருந்தது. ஆசியத் தொழிலாளரின் பொருட்டு நடந்த வழக்குகள் மிகச் சிலவே.

இழப்பீட்டிலும் இதே வேற்றுமை தொடர்ந்தது. 1951ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கையின் பதினாறாம் பிரிவு, நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் உதவி வழங்க வகை செய்தது. தோட்டத் தொழிலாளர்க்கு அதில் இடமில்லை. 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2 கோடியே 50 லட்சம் வெள்ளி பெறுமானமுள்ள பொருளும் பணியும் வழங்கப்பட்டன. அது நாட்டுக்குக் கப்பல்களாக வந்தது. லயத்துக் கைம்பெண்ணின் கைக்கு வந்து சேரவில்லை. அவள் கணவன் மண் சுமந்து அமைத்த பாதையையோ, போர் முடிந்தபின் பிரிட்டிஷார் சயாம் அரசுக்கு விற்றுவிட்டனர்.

பாரிட் சூலோங்கில் உயிர் பிழைத்துச் சாட்சி கூறியவர் மிகச் சிலரே. சயாமிலிருந்து மீண்டு வந்த தமிழரோ பல்லாயிரவர். ஆகவே சாட்சி இல்லாமையால் நீதி தவறிற்று என்று எவரும் கூற முடியாது. சிலம்பு ஏந்திய கைகள் தோட்டந்தோறும் இருந்தன. வினவ ஒருவரும் வரவில்லை. மலாயாவை ஆண்டவர்க்கு அவர்கள் தங்கள் குடிகளாகத் தோன்றவில்லை, கூலிகளாகவே தோன்றினர். விடுதலை வாயிலில் நின்ற இந்தியாவுக்கு அவர்கள் கடல்கடந்து போனவர்கள். ஒரு நாடும் தன்னவர் என உரிமை பாராட்டாத மக்களுக்காக நீதிமன்றக் கதவு தானே திறப்பதில்லை.

வள்ளுவர் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் அடுத்தடுத்து அதிகாரம் வகுத்தார். கொடுங்கோல் என்பது வாளேந்திக் கொல்வதில் மட்டும் அடங்குவதன்று. கொல்லப்பட்டவர் யார் என்று ஆராயாதிருத்தலும் அதனைச் சார்ந்ததே. ஜப்பானியர் செய்தது முதற்குற்றம். அதன்பின் வந்த ஆட்சிகளின் மௌனம் இரண்டாங்குற்றம். முதற்குற்றத்துக்கு ஒரு சிலரேனும் தண்டிக்கப்பட்டனர். இரண்டாவதற்குக் குற்றவாளி என்று எவரும் பெயர் சுட்டப்படவில்லை.

அவை கேளாததை இலக்கியம் கேட்டது. ஆர். சண்முகம் எழுதிய சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமி எழுதிய நினைவுச்சின்னம் ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அச்சாட்சியத்தை அடுத்த தலைமுறைக்குக் கொணர்ந்தன. 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் ஒன்றும் நாட்டப்பட்டது. நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும் எழுதுவது சங்க காலம் தொட்டு வரும் மரபு. ஆனால், சயாமில் மாண்ட தமிழர் அனைவர் பெயரையும் பொறிப்பதற்கு முழுமையான பட்டியல் எங்கும் இல்லை.

அப்பட்டியலின் சிதறிய ஏடுகள் சிகாமட்டிலும் குளுவாங்கிலும் கூலாயிலும் வாழும் குடும்பங்களின் நினைவில் இன்னும் கிடக்கின்றன. சயாமுக்குப் போன தாத்தாவின் பெயர் என்ன, எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்று மாணவர் தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். ஆசிரியர் அவற்றைத் தொகுத்துக் காத்தல் வேண்டும். தண்டனைக்குரிய காலம் கடந்துவிட்டது. பெயர்களைக் கேட்டறியும் காலம் இன்னும் சிறிது எஞ்சியிருக்கிறது.