மூன்று பென்ஸ் வரியும் மனச்சாட்சியும்

மதத்தையும் அரசாங்கத்தையும் வெவ்வேறாக வைக்க வேண்டும் என்னும் கொள்கை, கடவுள் பக்தியில் தளர்ச்சியுற்றவர்கள் கண்டுபிடித்த ஒன்று என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தவற்றை நிதானமாகப் பயில்வோர்க்கு அவ்வெண்ணம் நிலைபெறாது. தாமஸ் ஜெபர்சனுடைய விசுவாசம் எந்தச் சபையின் கட்டளைக்கும் அடங்காதது என்பது உண்மையே. ஆயினும், 1779-இல் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அவருடைய மதசுதந்திர மசோதா ஆறாண்டுகளுக்கு மேல் அசைவற்றுக் கிடந்ததென்பதையும், அதற்கு உயிரூட்டியவர்கள் வேதத்தைத் தம் உயிரினும் மேலாகப் போற்றிய எளிய ஜனங்களே என்பதையும் மறந்துவிடலாகாது.

அம்மாகாணத்தில் ஆங்கிலத் திருச்சபையே ராஜாங்க சபையாக இருந்தது. ஒவ்வொரு வட்டத்துக் குருவுக்கும் ஆண்டொன்றுக்கு 16,000 ராத்தல் புகையிலை சம்பளமாக அளக்கப்பட வேண்டும் என்று 1696-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அக்குருவின் வழிபாட்டில் ஒருநாளும் கலந்துகொள்ளாதவனும் அதற்குரிய பங்கைச் செலுத்தியே தீர வேண்டும். பிரசங்கம் செய்ய ஆண்டவன் தந்த கட்டளையே போதும், சர்க்காரின் அனுமதிச் சீட்டு வேண்டுவதில்லை என்ற பாப்டிஸ்டுப் போதகர்களோ 1768 முதல் ஒருவர்பின் ஒருவராகச் சிறை புகுந்தனர். அவர்களுள் ஜேம்ஸ் அயர்லாந்து என்பவர், கல்பெப்பர் ஊர்ச் சிறையில் அடைபட்டிருந்த நாட்களில், கம்பி வழியே வெளியில் கூடிய ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டே இருந்தார். பகைவர்கள் கதவருகே கந்தகத்தையும் மிளகாயையும் கொளுத்திப் புகையை உள்ளே செலுத்த, அவர் சுவரின் இடுக்கில் வாயை வைத்து மூச்சு வாங்கினார். கேட்க வந்த கறுப்பு அடிமைகளைப் பிடித்து உடையைக் களைந்து சவுக்கால் அடித்தார்கள். அந்தச் சிறையிலிருந்து தாம் எழுதிய கடிதங்களின் தலைப்பில் ‘கல்பெப்பரிலுள்ள என் அரண்மனையிலிருந்து’ என்று குறித்தாராம் அப்பெரியார்.

கல்பெப்பருக்கு அடுத்த மாவட்டத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் மாடிசன், 1774-இல், இத்தகைய நல்லோர் ஐந்தாறு பேர் சிறையில் வாடுவது குறித்து மனங்கொதித்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். இரண்டாண்டுகளுக்குப் பின், வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனம் வகுக்கப்பட்டபோது, மாற்று மதத்தினரை அரசு பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும் என்ற தோரணையில் ஜார்ஜ் மேசன் வரைந்திருந்த வாசகத்தைத் திருத்தி, வழிபாடு அனைவர்க்கும் சமமாக உரிய சுதந்திரம் என்று ஆக்குவித்தவரும் அவரே. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

ஆனால் உண்மையான சோதனை 1784-இல் வந்தது. அது கொடுங்கோன்மையின் வேடத்தில் வரவில்லை. சுதந்திர யுத்தத்துக்குப்பின் ஜனங்களின் ஒழுக்கம் சீர்கெட்டது என்று கவலையுற்ற சட்டமன்ற உறுப்பினர் பாட்ரிக் ஹென்றி, கிறிஸ்தவ போதகர்களைப் பராமரிக்க ஒரு பொதுவரி விதிக்கலாம் என்றும், தன் வரி எந்தச் சபைக்குச் சேர வேண்டும் என்பதை வரி செலுத்துபவனே குறிப்பிடலாம் என்றும், குறிப்பிடாதவனுடைய பணம் கல்விக்குச் செல்லட்டும் என்றும் கொண்ட மசோதாவை ஆதரித்துத் தம் நாவன்மையைக் காட்டினார். அதில் குறை கூற என்ன இருக்கிறது என்று இன்றும் நல்லறிவுடையோர் கேட்கக்கூடும். ஜார்ஜ் வாஷிங்டனே, ஒருவன் தான் அனுசரிக்கும் மதத்துக்குப் பணம் கொடுக்கும்படி செய்வதில் தமக்கு அச்சமில்லை என்றுதான் எழுதினார். அதனாலேயே இம்மசோதாவை எதிர்ப்பது அரிதாயிற்று. ஹென்றி கவர்னர் பதவியேற்று மன்றத்தை விட்டகல, இறுதி வாக்கெடுப்பை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கச் செய்தார் மாடிசன். இடையில், 1785-இல், தம் பெயரை வெளியிடாமல் பதினைந்து நியாயங்களை அடுக்கி ஒரு விண்ணப்பத்தை எழுதினார்.

அவ்விண்ணப்பத்தின் உயிர்நிலை இது: ஒரு மதஸ்தாபனத்துக்காக மூன்று பென்ஸ் மட்டும் கொடு என்று பிரஜையைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டாயின், நாளை வேறெந்த மதஸ்தாபனத்தையும் முழுமையாக அனுசரி என்று கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அதற்கு உண்டு. தொகையின் சிறுமை அதிகாரத்தைச் சிறிதாக்குவதில்லை. மற்றொரு நியாயம் பக்தர்களை நோக்கியது: கிறிஸ்தவம் அரசர்களின் துணையின்றி, அவர்களுடைய எதிர்ப்பின் நடுவே வளர்ந்த மதமாயிற்றே, இன்று அதற்குக் கஜானாவின் ஊன்றுகோல் வேண்டும் என்பது அதன் தெய்விகத்தையே சந்தேகிப்பது ஆகாதா? இக்கேள்விக்கு விடையளிக்க வல்ல ஸ்தாபனவாதி ஒருவரையும் நான் படித்ததில்லை.

மாகாணமெங்குமிருந்து விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. மாடிசனுடைய நுட்பமான தர்க்கத்தைவிட, அந்த வரி சுவிசேஷத்தின் ஆவிக்கே முரணானது என்று சாதாரணச் சபை மக்கள் அனுப்பிய விண்ணப்பத்தில் கையொப்பங்கள் மிகுதி என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வரி மசோதா மடிந்தது. ஜெபர்சனுடைய மசோதா 1786 ஜனவரி 16-இல் சட்டமாயிற்று. அதன் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் திருநாமத்தைச் சேர்க்க வேண்டும் என்று எழுந்த திருத்தம் பெரும்பான்மையோரால் தள்ளப்பட்டது. யூதர், கிறிஸ்தவர், முகம்மதியர், இந்து, எம்மதமும் இல்லாதவர் ஆகிய யாவரும் அச்சட்டத்தின் நிழலில் அடங்குவர் என்பதற்கு அதுவே சான்று என்று ஜெபர்சன் தம் சுயசரிதையில் பெருமையோடு எழுதிவைத்தார். வர்ஜீனியாவின் சட்டசபை உறுப்பினர்களில் எத்தனை பேர் ஓர் இந்துவைக் கண்ணால் கண்டிருப்பார்கள்?

எனினும் அந்த நிழல் எல்லார்மேலும் விழவில்லை. ஜெபர்சனும் மாடிசனும் வாழ்நாள் முழுவதும் அடிமைகளை வைத்திருந்தனர். 1831-இல் நாட் டர்னர் என்னும் கறுப்புப் போதகரின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், கறுப்பினத்தார் அடிமையாயினும் சுதந்திரராயினும் பிரசங்கம் செய்யலாகாது என்று அதே வர்ஜீனியா 1832-இல் சட்டமியற்றிக் கசையடியைத் தண்டனையாக விதித்தது. மாடிசன் அப்போது உயிரோடிருந்தார். 1786-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டாடுவோர் இதனைக் கூறாது விடுவது நேர்மையன்று.

வடக்கேயுள்ள கனெக்டிகட்டில் ராஜாங்க சபை இன்னும் சில காலம் நீடித்தது. வேறு சபையார் அதன் வரியிலிருந்து விலக்குப் பெறச் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்த அவ்விடத்து டான்பரி பாப்டிஸ்டுகள் தம் குறையை முறையிட்டபோதுதான், அப்போது ஜனாதிபதியாயிருந்த ஜெபர்சன், சபைக்கும் அரசுக்கும் இடையிலுள்ள பிரிவினைச் சுவர் என்ற பிரசித்தி பெற்ற வாக்கியத்தை 1802-இல் எழுதினார். 1818-இல் அங்கும் புதிய அரசியல் சாசனம் பழைய ஏற்பாட்டை அகற்றியது. அதனைத் தடுக்கப் பெரிதும் பாடுபட்ட லைமன் பீச்சர் என்ற குருவானவர், தோல்வியுற்ற அன்று சபைக்கே இறுதி நாள் வந்துவிட்டதாகக் கருதித் துயரில் ஆழ்ந்தார். பிற்காலத்தில், கனெக்டிகட்டுக்கு நேர்ந்த நன்மைகளில் தலையாயது அதுவே என்று தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். அரசின் ஆதரவை நம்பியிருந்த சபைகள் அதன்பின் தம் சொந்த பலத்தையும் கடவுளையும் மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று என்பதே அதற்கு அவர் கூறிய காரணம்.