வேற்றுச் சூரியனின் கிரகம்: மதராஸ் செய்த முதல் அறிவிப்பு

ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது என்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். அதற்கு ஒரு வருஷம் முன்பே, இதே ஊரிலிருந்து "வேறொரு சூரியனைச் சுற்றி ஒரு கிரகம் இருக்கக்கூடும்" என்று ஒருவர் எழுதினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. கப்பல்களுக்கும் நில அளவைக்கும் நட்சத்திரக் கணக்கு தேவைப்பட்டதுதான் காரணம். அதன் தலைவராக இருந்த கேப்டன் ஜேக்கப், ஒஃபியூக்கஸ் மண்டலத்திலுள்ள 70 என்ற இரட்டை நட்சத்திரத்தை அளந்து வந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர சுமார் 88 ஆண்டுகள் ஆகும். கணக்கிட்ட பாதையிலிருந்து அவை சற்று விலகின. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இழுக்கிறது என்று 1855-ல் அவர் கட்டுரை வெளியிட்டார்.

1896-ல் அமெரிக்காவின் சீ என்பவரும் அதையே சொன்னார். ஆனால் அப்படியொரு பாதை நிலைத்திருக்க முடியாது என்று 1899-ல் மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றுவரை அங்கே கிரகம் எதுவும் உறுதியாகவில்லை.

அப்படியானால் மதராசின் பங்கு அவ்வளவுதானா? இல்லை. 1861-ல் இங்கே தலைமை ஏற்ற போக்சன், 1856-லேயே நட்சத்திர ஒளிக்கு ஓர் அளவுகோல் தந்திருந்தார். ஐந்து படிகள் என்றால் ஒளியில் நூறு மடங்கு வித்தியாசம். அவரிடம் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை மக்களுக்கு விளக்க நூலும் எழுதினார்.

வெள்ளி கடக்கும்போது சூரிய ஒளியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மறைகிறது. வேற்றுக் கிரகங்களைத் தேடும் முறையும் இதே மறைப்புதான்! 1999-ல் எச்டி 209458 என்ற நட்சத்திரத்தின் ஒளி 3.5 நாளுக்கு ஒருமுறை ஒன்றரை சதவீதம் குறைவது தெரிந்தது. போக்சன் அளவில் இது சுமார் 0.016 படி. ஒளி எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து கிரகத்தின் விட்டம் கிடைக்கும். நட்சத்திரம் எவ்வளவு தள்ளாடுகிறது என்பதிலிருந்து அதன் எடை கிடைக்கும். இரண்டும் இருந்தால் அது பாறையா, வாயுவா என்று ஊகிக்கலாம்.

ஜேக்கப்பிடம் இருந்தது ஒரே சாட்சி. அதுவும் தன் கருவியின் பிழையளவுக்கே சிறிய விலகல். இன்று ஒரு முறை சொல்வதை இன்னொரு முறை சரிபார்க்கிறது. 2018-ல் அபு மலையிலுள்ள 'பரஸ்' கருவியால் நம் விஞ்ஞானிகள் செய்ததும் இதுவே. கெப்ளர் தொலைநோக்கி மறைப்பைக் கண்டிருந்த ஒரு நட்சத்திரத்தில், கிரகத்தின் எடை சுமார் 27 பூமி என்று அளந்தார்கள்.

எண்ணூர், துறைமுக விளக்குகளின் வெளிச்சத்தில் நமக்கு நட்சத்திரங்கள் சரியாகத் தெரிவதில்லைதான். ஆனால் கெப்ளர், டெஸ் தொலைநோக்கிகளின் ஒளி அளவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. திருவொற்றியூரில் ஒரு கணினி இருந்தால் போதும், நண்பர்களே. தேடிப் பாருங்கள். கிடைத்ததை இன்னொரு வழியிலும் சரிபாருங்கள்!