கரம்பனிலிருந்து உரோமாபுரிக்கு: ஒரு குருவானவர் எங்கே தமிழ் படித்தார்?

பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பக்கம் போனால், ஊர்காவற்றுறைக்குக் கிட்ட கரம்பன் இருக்கு. தனிநாயகம் அடிகள் 1913 இல் பிறந்த ஊர். தகப்பன் வழியில் அவருக்கு நெடுந்தீவு. உலகத் தமிழாராய்ச்சி மன்றம், கோலாலம்பூர் மாநாடு, 'தமிழ்த்தூது' எண்டு அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் பரீட்சைக்குப் படிச்சதுதான். ஆனா பேருக்குப் பின்னால் இருக்கிற 'அடிகள்' என்ற சொல்லை நாங்கள் யோசிச்சுப் பார்த்ததே இல்லை. அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அந்தப் பணிக்காகத்தான் அவரைக் கொழும்பிலும் உரோமாபுரியிலும் வைத்துப் பயிற்றினார்கள். அந்தப் பயிற்சியில் தமிழ் எங்கே இருந்தது?

இந்தக் கேள்வி அவரோடு தொடங்கினதில்லை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்களின் பேரை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ற், ஊர்காவற்றுறையும் வேலணையும் இருக்கிற தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம். பேர் வைத்தால் போதாது, கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் நிற்க உள்ளூர் ஆட்கள் வேணும். அதுக்காக 1690 இல் நல்லூரில் ஒரு செமினரி திறந்தார்கள். 1696 இல் கொழும்பில் இன்னொன்று வந்தது, அதுதான் நிலைச்சது. அங்கே தேறினவர்களில் சிலரை மேற்படிப்புக்கு ஒல்லாந்துக்கே கப்பலேற்றினார்கள். குருவாக வேணுமெண்டால் ஊரை விட்டுப் போய் வேறொரு பாஷையில் படிக்க வேணும் என்ற வழக்கத்துக்கு இங்கே அவ்வளவு வயசு.

அடுத்து வந்த அமெரிக்க மிஷனரிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். 1823 இல் டானியல் பூர் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. சுதேசப் போதகர்களை உருவாக்குவது அதன் முக்கிய நோக்கம். ஆனா அங்கே தமிழும் படிப்பித்தார்கள், ஆங்கிலமும் படிப்பித்தார்கள், கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தார்கள். படிச்சு வெளியே வந்தவர்களில் பலர் பிரசங்க மேடைக்குப் போகவில்லை, உத்தியோகத்துக்குப் போனார்கள். ஆங்கிலம்தான் பெடியளைக் கெடுக்குது, போதகருக்குத் தாய்மொழி போதும் என்ற முடிவு அமெரிக்காவிலிருந்து வந்த றூஃபஸ் அண்டர்சனின் தூதுக்குழுவோடு வந்தது. 1855 இல் செமினரியை மூடினார்கள். இரண்டு வருஷத்தில், 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படிச்சவர்கள். சங்க நூல்களைப் பதிப்பித்த கையும் அந்தச் செமினரியில் எழுதிப் பழகின கைதான்.

கத்தோலிக்கப் பக்கம் நிலைமை மறுவளம். அங்கே பாஷை இலத்தீன். யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குத் தமிழ் ஆயர் ஒருவர், எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை, வந்ததே 1950 இல்தான். அந்த உலகத்துக்குள்தான் கரம்பன் பெடியன் போனார். முதலில் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி, பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. 1931 இல் கொழும்பு புனித பேர்னாட் குருமடம், 1934 இல் உரோமாபுரி உர்பன் பல்கலைக்கழகம். 1938 இல் குருப்பட்டம். கலாநிதிப் பட்டத்துக்கு அவர் எழுதினது எதைப் பற்றித் தெரியுமா? மூன்றாம் நூற்றாண்டில் புனித சிப்பிரியான் ஆயராக இருந்த காலத்தில் கார்த்தேஜ் நகரக் குருக்கள் எப்படி இருந்தார்கள் என்பதைப் பற்றி. வட ஆபிரிக்காவின் பழைய குருக்களை ஆராய்ந்த அந்த இளைஞர் அப்போது தமிழ் இலக்கியத்தை முறையாகப் படிச்சிருக்கவில்லை.

திரும்பி வந்தவர் யாழ்ப்பாணத்தில் பணிக்கு நிற்கவில்லை, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். இந்தியரான திபூர்சியுஸ் றோச் ஆண்டகை 1923 முதல் ஆயராக இருந்த இடம் அது. 1940 இல் வடக்கன்குளம் புனித திரேசா பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் இருந்து தமிழ் இலக்கியம் படித்தார். கலாநிதிப் பட்டம் வாங்கின கத்தோலிக்கக் குரு ஒரு ஐயரிடம் மாணவனாகிறார். 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய், பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றி ஆராய்ந்தார். ஒரு குருவுக்கு வேண்டிய மிச்சப் பயிற்சியை அவர் தானே தேடிப் போய் எடுத்தார் எண்டுதான் நாங்கள் இதை வாசிக்கிறம்.

அதுக்குப் பிறகு அவர் தேடிப் பிடிச்ச பழைய புத்தகங்களைப் பாருங்கோ. 1554 இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் மறைநூலைப் பற்றி எழுதி வெளியே தெரியப்படுத்தினார். அந்தோம் தெ புறொயென்சா பாதிரியார் தொகுத்து 1679 இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் பிரதியை வத்திக்கான் நூலகத்தில் 1954 இல் கண்டுபிடித்து, 1966 இல் மறுபடி அச்சாக்கினார். அகராதி யாருக்காக? தமிழ் தெரியாமல் வந்து தமிழரிடையே பணி செய்ய வேண்டிய வெளிநாட்டுக் குருக்களுக்காக. 17 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குருவுக்குத் தமிழ் கட்டாயம் தேவைப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டில் தமிழ்க் குருவுக்கு இலத்தீன் போதுமாக இருந்தது! இந்த முரணை அவரைவிட ஆர் நல்லா உணர்ந்திருப்பினம்?

ஆனா ஒன்றையும் மறக்கக் கூடாது. இலத்தீனும் ஐரோப்பிய மொழிகளும் தெரியாமல் இருந்திருந்தால் அந்த நூலகங்களில் அவர் எதைத் தேடியிருக்க முடியும்? வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் கூடிப்போச்சு எண்டு மூடினார்கள். குருமடத்தில் தமிழைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. ரெண்டு இடத்திலும் ஒன்றைப் படிக்க மற்றதை விடு என்றதுதான் கணக்கு. அடிகள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழியில் வழிபாட்டுக்குக் கதவைத் திறந்தது. இப்ப குருவாக விரும்புற தீவுப் பெடியனுக்குக் கொழும்புத்துறையிலேயே புனித சவேரியார் குருமடம் இருக்கு. கலைப்பீடத்தில் தமிழில் விரிவுரை கேட்டு, ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு வாசிக்கிற எங்களுக்கும் இது வேறொருவரின் கதை இல்லை. 'தமிழில் படிச்சு என்ன செய்யப் போறாய்?' எண்டு ஒருபக்கம் கேட்கினம், 'இங்கிலீஷுக்குப் பின்னால ஏன் ஓடுறாய்?' எண்டு மறுபக்கம் கேட்கினம். ரெண்டு கேள்விக்கும் கரம்பனில் பிறந்த ஒருவர் ஏற்கெனவே பதில் சொல்லிப்போட்டார். அதை நாங்கள் ஐந்து மார்க் கேள்வியாக்கி வைச்சிருக்கிறம்.