காட்டில் எடுத்த காலடி

திரைப்படம் என்றதும் கதையும் வசனமும் பாடலும் கலந்த இரண்டரை மணி நேரக் காட்சியை எதிர்பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆயினும் நான்கு நிமிடங்களுக்கும் குறைவான, ஓசையே இல்லாத, ஒரே ஒரு மனிதர் மட்டும் தோன்றும் கறுப்பு வெள்ளைப் படமொன்று திரைக்கலையின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1945-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடுக்கப்பட்ட அப்படத்தின் பெயர் 'எ ஸ்டடி இன் கொரியோகிராஃபி ஃபார் கேமரா'. கேமராவுக்கென நடனம் அமைக்கும் ஒரு முயற்சி என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

படம் காட்டில் தொடங்குகிறது. வெண்ணிறத் தண்டுகளை உடைய மரங்களினூடே கேமரா மெல்லச் சுற்றி வருகிறது. தொலைவில் ஒருவர் மெதுவாக அசைவது தெரிகிறது. கேமரா அவரைக் கடந்து செல்கிறது. அது திரும்பாமல் அதே திசையில் நகர, அவரே மீண்டும் எதிர்ப்படுகிறார், இம்முறை சற்று அருகில். இவ்வாறு பலமுறை. மரமும் மனிதரும் ஒரே மெதுவான மூச்சில் வளர்வது போன்ற தோற்றம் நமக்கு உண்டாகிறது. பின்னர் அவர் காலை உயர்த்துகிறார். காட்டில் உயர்ந்த அக்கால் ஒரு வீட்டின் அறையில் வந்து தரையைத் தொடுகிறது! அறையிலிருந்து அருங்காட்சியகத்தின் நீண்ட எகிப்தியக் கூடத்திற்கு. அங்கே பல முகங்கள் கொண்ட சிலையொன்றின் முன் அவர் தலை சுழல்கிறது. மெதுவாகத் தொடங்கும் அச்சுழற்சி, இடையறாமல் விரைந்து, இறுதியில் முகமே கலங்கித் தெரியும் அளவுக்கு வேகம் கொள்கிறது. அதன்பின் ஒரு பாய்ச்சல். மனித உடல் எதுவும் அவ்வளவு நேரம் காற்றில் நிற்க இயலாது. பாய்ந்தவர் திறந்த வெளியில், உயர்ந்ததோர் இடத்தில் இறங்கி அமர்கிறார். அத்துடன் படம் நின்றுவிடுகிறது.

இதில் மந்திரம் ஏதுமில்லை. ஓர் அசைவின் முற்பகுதியை ஓரிடத்திலும் பிற்பகுதியை வேறிடத்திலும் படம்பிடித்து, இணைப்புத் தெரியாதவாறு ஒட்டியிருக்கிறார்கள். நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கை கூடினால் திரையில் அசைவு மந்தமாகும், குறைந்தால் விரையும். சுழற்சியின் இரகசியம் அவ்வளவே. ஆனால் நடனக்காரர் தம் உடலைச் சற்றே பிசகிய கோணத்தில் நிறுத்தினாலும் ஒட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே, திரையில் ஒருவரே தெரிந்தாலும், இருவர் மிக நுட்பமாக ஒத்திசைந்த ஆட்டம் இது.

ஆடியவர் டாலி பீட்டி. படத்தை உருவாக்கியவர் மாயா டெரன். மாயா 1917-இல் உக்ரைனின் கீவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இன வன்முறைக்கு அஞ்சி அக்குடும்பம் 1922-இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தது. எலியனோரா என்பது பெற்றோர் இட்ட பெயர். மாயா என்பது அவராகப் பின்னாளில் ஏற்றது. நமக்கு அச்சொல்லை விளக்கத் தேவையில்லை. பீட்டியோ கறுப்பினத்தவர். நடனக் கலைஞரும் மானிடவியல் ஆய்வாளருமான கேத்தரின் டன்ஹாமிடம் பயின்று, அவரது குழுவில் ஆடியவர். அதே டன்ஹாமிடம் மாயா 1940-களின் தொடக்கத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். இருவரையும் இணைத்த பாலம் அக்குழுவே.

அக்காலத்தின் நிலையை இங்கே நினைவில் கொள்வது நலம். அமெரிக்கத் தென் மாநிலங்களில் பேருந்திலும் உணவகத்திலும் அரங்கிலும் கறுப்பருக்குத் தனியிடமே இருந்தது. இராணுவத்தில்கூட இனப்பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948-இல்தான் பிறந்தது. 1944-இல் லூயிவில் நகரில் ஆடி முடித்த டன்ஹாம், கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்காரவைக்கும் அந்த அரங்கில் இனி ஆடுவதில்லை என்று மேடையிலேயே அறிவித்தார். அடுத்த ஆண்டில்தான் இப்படத்தின் நாயகர் காட்டிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து அருங்காட்சியகத்திற்கும், அங்கிருந்து வானத்தின் கீழும் ஒரே அடியில் செல்கிறார். எந்த வாசலிலும் எவரும் அவரைத் தடுக்கவில்லை. படம் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பது உண்மை. மாயா எழுதியவையும் இடம், காலம், அசைவு ஆகியவற்றைப் பற்றியவையே. மேடை நடனக்காரர் ஒரு சதுரத்துக்குள் அடைபட்டவர், திரையிலோ உலகமே அவருடைய துணையாட்டக்காரராகிவிடும் என்பது அவரது கருத்து. ஆயினும் அந்த உடல் யாருடையது என்று அறிந்தபின், அந்தத் தடையற்ற நடையை வெறும் உத்தியாக மட்டும் நம்மால் காண முடியவில்லை.

படத்தின் தலைப்பில் மாயா டெரன், டாலி பீட்டி என இரு பெயர்களும் சமமாகவே பொறிக்கப்பட்டுள்ளன. வெள்ளைத்தோல் கொண்ட பெண்ணும் கறுப்பின ஆடவரும் ஒரு படைப்புக்குச் சேர்ந்து உரிமை கொள்வது அந்நாளில் எளிய செயலன்று. பின்வந்த நூல்கள் பலவும் இதை மாயாவின் படம் என்றே குறித்துச் செல்வது நமக்கு வருத்தமளிக்கிறது. தலைப்பை எழுதியவரே செய்யாத பிரிவினை அது.

மாயா 1947-இல் ஹெய்ட்டித் தீவுக்குச் சென்று, அங்குள்ள மக்களின் வழிபாட்டு நடனங்களைப் படமெடுத்தார். 1961-இல், 44-ஆம் வயதில் காலமானார். பீட்டி, அதே 1947-இல், தென் மாநிலத்துக் கறுப்பர் பட்ட துயரை 'சதர்ன் லேண்ட்ஸ்கேப்' என்னும் நடனமாக அமைத்தார். 1995-இல் இறக்கும் வரை அமெரிக்க நடன உலகில் மதிக்கப்பெற்ற ஆசானாக விளங்கினார்.