கெத்தும் நீர்: அபினிக்கு மாற்றா, உழைப்புக்கு ஊக்கியா?

காலனிய மலாயாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் காலி, கோல சிலாங்கூர் வட்டாரங்களின் பால்மரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைத்த போதை கள். பல தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளிக்கோ அபினி. கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் அபினி வணிகத்தை 1910ஐ ஒட்டி அரசே கையில் எடுத்துக்கொண்டது. இரண்டும் வருவாய் தந்தவை. ஆகவே ஏடுகளில் தாராளமாக இடம்பெற்றன.

யாருக்கும் வரி தராத இலையும் ஒன்று இருந்தது: கெத்தும். அது பற்றிய பதிவுகளைச் சிலாங்கூருக்கு வடக்கேதான் தேட வேண்டும். பேராக், பினாங்கு, கெடா, பெர்லிஸ் ஆகியவையே அதன் களம். அப்பதிவுகளை வரிசையாகப் படித்தால், ஏறக்குறைய எல்லாரும் அதை அபினியின் துலாக்கோலிலேயே நிறுத்துப் பார்த்தார்கள் என்பது புலப்படும். வெயிலில் நின்று வேலை செய்ய உதவும் பானம் என்ற பக்கம் ஓரத்தில் ஒதுங்கிவிட்டது.

ஆற்றங்கரையிலும் சேற்று நிலத்திலும் வளரும் மரம் இது. 25 மீட்டர் வரை உயரும். தாவரவியல் பெயர் மித்ராகைனா ஸ்பெசியோசா. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழகத்தின் நீர்க்கடம்பும் இதே பேரினம். இலையை மென்றார்கள், வேகவைத்து வடிகட்டியும் குடித்தார்கள். கசப்பு சகிக்காது என்பதால் இனிப்புப் பானம் கலப்பதும் உண்டு.

மலாயாவில் அபினிக்குப் பதிலாக இவ்விலை பயன்பட்டதை 1836ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. 1895இல் ஹோம்ஸ் என்பவரும் அதையே எழுதினார். 1907இல் லியோனார்ட் ரே என்பவர், பியாக் என்றும் அழைக்கப்பட்ட இவ்விலையைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘அபினி மாற்று’ வந்துவிட்டது. அதே ஆண்டில் ஹூப்பர் என்ற வேதியியலாளர் இதன் முதன்மைக் காரப்போலியை (ஆல்கலாய்டு) பிரித்தெடுத்தார். 1921இல் எடின்பரோவில் எல்லன் ஃபீல்ட் அதற்கு மித்ராகைனின் என்று பெயரிட்டார்.

இந்த வரிசையில் தனித்து நிற்பவர் கே.எஸ். கிரேவால். 1932இல், கேம்பிரிட்ஜில், ஐந்து ஆண்களுக்கு மித்ராகைனின் உப்பையும் இலைத்தூளையும் கொடுத்துப் பார்த்தார். அவர் கண்டது அபினி மயக்கம் அல்ல. கொக்கெயினை ஒத்த நரம்புத் தூண்டல். ஐந்து பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆனால் வெயில் வேலைக்குத் தெம்பு என்று குடிப்பவர்கள் சொல்லிவந்த கதையோடு ஆய்வகம் ஒத்துப்போன இடம் இதுவே என்பது என் கருத்து. அடுத்து வந்தவர்கள் இதற்கு உரிய இடம் தரவில்லை.

எஃபெட்ரா என்னும் செடியோடு ஒப்பிட்டால் கெத்துமின் சிக்கல் தெளிவாகும். 1885இல் ஜப்பானியர் நாகாய் நாகயோஷி அதிலிருந்து பிரித்த எஃபெட்ரின், உடலில் நோர்அட்ரினலினை வெளியிடத் தூண்டுகிறது. மூச்சுக்குழல் விரியும், இதயம் வேகமாகத் துடிக்கும், தூக்கம் விலகும். ஒரே திசையில் இயங்கும் பொருள் அது. கெத்துமின் மித்ராகைனின் அப்படியல்ல. இந்தோல் வகைக் காரப்போலியான இது மூளையில் அபினி இயங்கும் அதே மியூ ஓபியாய்டு ஏற்பிகளைப் பகுதியளவு தூண்டுவதோடு, அட்ரினலின் சார்ந்த ஏற்பிகளிலும் ஒட்டுகிறது. சில கிராம் இலை சுறுசுறுப்பைத் தரும். அளவு கூடினால் வலி மரத்து, கண் சொருகும். கல்லீரல் இதன் ஒரு பகுதியை 7-ஹைட்ராக்சிமித்ராகைனினாக மாற்றுகிறது. 1994இல் இலையிலும் கண்டறியப்பட்ட அந்தப் பொருள், விலங்குத் திசுச் சோதனையில் மார்ஃபினை விடப் பல மடங்கு வலிமை காட்டியது. விளையும் இடமும் இதில் கைவைக்கிறது: தாய்லாந்து இலையின் காரப்போலிகளில் மித்ராகைனின் சுமார் 66 விழுக்காடு, ஆய்வுக்கு வந்த மலேசிய இலையில் 12தான்.

சட்டம் பிடித்துக்கொண்டது ஓபியாய்டு பக்கத்தையே. தாய்லாந்து 1943இல் தடைசெய்தது. 2021இல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. மலேசியாவில் 2003 முதல் மித்ராகைனின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதமோ நான்காண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் விக்னசிங்கமும் உடன் ஆய்ந்தவர்களும் 2010இல் வெளியிட்ட கள ஆய்வு, வட மாநிலங்களில் 136 பேரைச் சந்தித்தது. ஏறத்தாழ 77 விழுக்காட்டினருக்கு முன்பே வேறு போதைப் பழக்கம் இருந்தது. அபினி வாதத்துக்கு இது வலுச் சேர்க்கும் எண் போலத் தோன்றும். ஆனால் இரண்டாண்டுக்கு மேல் குடிப்பவர்களைப் பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது: திருமணமானவர்கள், நாளுக்குச் சராசரியான மூன்று குவளைக்கு மேல் குடிப்பவர்கள், நன்றாகப் பசிக்கிறது என்பவர்கள் அவர்களில் கூடுதல். வேறு போதைப் பழக்கத்தைக் குறைக்க வந்தவர்கள் புதியவர்களில் கூடுதல். ஆனாலும் விலை கூடிய ஓபியேட்டுகளைக் குறைக்கவும் விலகல் வேதனையைச் சமாளிக்கவும் குடிப்பதாக இரு தரப்பினருமே சொன்னார்கள்.

2020இல் அதே ஆய்வுக் குழுவினர் 26 ஆண்களைப் பனிநீரில் கைவைக்கச் சொன்னார்கள். கெத்தும் குடித்த ஒரு மணி நேரத்தில் வலி தாங்கும் நேரம் சராசரி 11.2 விநாடியிலிருந்து 24.9ஆக உயர்ந்தது. போலிப் பானத்தோடு ஒப்பிட்டு நடத்திய நேர்த்தியான சோதனை. ஆனால் அங்கும் அளக்கப்பட்டது வலிதான். உழைப்பவர்கள் தேடிய தெம்பு அல்ல.