கழுவெளியும் கழிமுகமும்

சென்னைக்குத் தெற்கே ஒரு வடிகால், வடக்கே ஒரு வடிகால். தெற்கே பள்ளிக்கரணைக் கழுவெளி. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விட்டு, கோவளம் முகத்துவாரத்துக்கு அனுப்பும் இடம் அது. வடக்கே எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் பழவேற்காட்டுப் பக்கத்து உப்பங்கழியும் கூடிக் கடலைத் தொடும் இடம். இரண்டையும் இந்த நகரம் ஏறக்குறைய ஒரே காலத்தில் மேடாக்கியது. இரண்டு இடங்களிலும் மக்கள் எதிர்த்து நின்றார்கள். கிடைத்த பலன் மட்டும் ஒன்றாக இல்லை. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது பெருநகரத் திட்டம் தயாராகும் நேரத்தில், இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் ஒரு சிறு பகுதியே சதுப்பாக மிஞ்சியிருக்கிறது. மீதியை எடுத்துக்கொண்டவர்களில் தனியார் மட்டும் இல்லை. முதலில் இறங்கியது அரசுதான். 1980-களில் பெருங்குடியில் மாநகரக் குப்பையைக் கொட்டத் தொடங்கினார்கள். பிறகு தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வந்தது, காற்றாலை ஆராய்ச்சி நிலையம் வந்தது, பறக்கும் ரயில் வந்தது. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலை சதுப்பை நடுவில் வெட்டிக்கொண்டு போனது. ஐ.டி. வளாகங்களும் அடுக்குமாடிகளும் இவற்றின் பின்னால் வந்தவை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது யாருக்கும் பயன்படாத நிலம். பயன்படாத நிலத்தை ஒதுக்கித் தருவதில் எந்த அதிகாரிக்கும் கை நடுங்காது.

எண்ணூரின் கதை வேறு விதம். அங்கே பாதுகாப்பு காகிதத்தில் முதலிலேயே இருந்தது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மண்டல வரைபடம், கழிமுகத்தைச் சேர்ந்த 6,469 ஏக்கரைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டியது. பிறகு வேறொரு வரைபடம் புழக்கத்துக்கு வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டு வாங்கி, 2017-இல் பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தபோதுதான் கழிமுகத்தின் பெரும்பகுதி அதில் இல்லவே இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. தண்ணீர் அங்கேயே இருந்தது, வலையும் விழுந்துகொண்டிருந்தது, வரைபடத்தில் மட்டும் ஆறு இல்லை. எண்ணூர்–மணலி வட்டாரம் நகரத் திட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கான பகுதியாக வேறு குறிக்கப்பட்டிருந்தது. 1994-இல் வட சென்னை அனல் மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், அடுத்து வல்லூர் அனல் மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வந்து கழியின் இரு கரையையும் நெருக்கின.

ஆக, ஒன்றுக்குப் பாதுகாப்பு இல்லாமல் இருந்து பிற்பாடு கிடைத்தது. மற்றொன்றுக்கு இருந்த பாதுகாப்பு பறிபோனது. இந்தத் தலைகீழ் நிலைக்குக் காரணம் தேடினால், யார் பேசினார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள், எந்த மொழியில் பேசினார்கள் என்ற இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கரணைக்காகப் பேசியவர்கள் பெரும்பாலும் அதைச் சுற்றிக் குடியிருப்போர் நலச் சங்கத்தினர், பறவை நோக்குவோர், சூழலியல் ஆய்வாளர்கள். குப்பை எரியும் புகை வீட்டுக்குள் வந்தது. அதுதான் பலரைத் தெருவுக்கு இழுத்தது. ஆனால் மனு எழுதும்போது அவர்கள் கையில் இன்னொரு வலுவான சான்றும் இருந்தது: பறவைப் பட்டியல். 200 அடிச் சாலையோரம் காலையில் நின்றால் யாரும் பார்க்கலாம். சாலைக்கு இந்தப் பக்கம் நாமக்கோழிகளும் நீலத்தாழைக்கோழிகளும் கோரைக்குள் நுழைந்து நுழைந்து வரும். சற்றுத் தள்ளிக் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதக்கும். பருவத்தில் பூநாரைகள் கூட வரும். அடிவானத்தில் குப்பைமேடும் அதற்கு மேல் வட்டமிடும் பருந்துகளும். இந்தக் காட்சியைப் படம் எடுத்து நீதிமன்றத்தில் வைக்கலாம், பத்திரிகையில் போடலாம், வனத்துறையிடம் கொடுக்கலாம். கொடுத்தார்கள். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-இல் 1,247.54 ஹெக்டேர், ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் ஏறியது. பல ஆண்டுகள் சலிக்காமல் அலைந்தவர்களின் உழைப்பு அது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

எண்ணூருக்காகப் பேசியவர்கள் அங்கே தொழில் செய்பவர்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள். கழியில் கையால் இறால் பிடிக்கும் இருளர்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றை இரு கையாலும் தடவி, விரலுக்கு அகப்படும் இறாலை வாயில் கவ்வியிருக்கும் பறிக்குள் போட்டுக்கொண்டே நகர்வார்கள். அந்தச் சேற்றுக்கு மேல்தான் சாம்பல் வந்து படிந்தது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் கரைசலைச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் ஆற்றைக் கடந்து போகின்றன. அவை உடைந்து ஒழுகி ஒழுகி, ஆற்றின் அடியில் சாம்பல் கெட்டிப்பட்டுவிட்டது. கால் வைத்தால் கறுப்புச் சேற்றுக்குப் பதிலாக வழவழவென்று சாம்பல் நிறக் களி. இறால் புதைந்து பதுங்க இடமில்லை. போதாததற்கு, சமீப ஆண்டுகளில் காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் அயல்நாட்டுச் சிப்பி அடித்தரையில் கம்பளம் போலப் பரவிவிட்டது. கப்பல்களின் நிலைப்பு நீரோடு அது வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

படகைத் தள்ளும் கோலை ஊன்றி, முன்பு இங்கே இவ்வளவு ஆழம், இப்போது இவ்வளவுதான் என்று ஒரு மீனவரால் இடத்துக்கு இடம் சொல்ல முடியும். எந்த மடுவில் எந்தப் பருவத்தில் மடவை வரும், எந்த ஆண்டு அது நின்றது, எந்தப் பாலம் கட்டியபின் நீரோட்டம் திரும்பியது என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும் தரவு. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நீரியல் ஆவணம் அது. ஆனால் திட்ட அனுமதி கேட்கும் அறிக்கையில் அதற்கென்று ஒரு பத்தி கிடையாது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசலாம். பேசியது ‘மீனவர்கள் வாழ்வாதாரம் குறித்துக் கவலை தெரிவித்தனர்’ என்று ஒரு வரியாகச் சுருங்கும். பறவையைப் பற்றிப் பேசினால் அறிவியல், மீனைப் பற்றிப் பேசினால் வாழ்வாதாரக் கோரிக்கை. கோரிக்கை என்றாலே நிவாரணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று அரசு நினைக்கிறது. பள்ளிக்கரணைக்கும் எண்ணூருக்கும் இடையே விழுந்த பெரிய பள்ளம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

சட்டமும் இந்தப் பள்ளத்தை ஆழமாக்கியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் ஈரநிலங்களுக்குப் பொருந்தா. அவற்றைக் கடலோர விதிகள் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. கடலோர விதிகளோ முழுக்க முழுக்க வரைபடத்தை நம்பியவை. அந்த வரைபடத்திலிருந்தே கழிமுகத்தை அழித்துவிட்டால் எண்ணூருக்கு எந்தப் பக்கமும் சட்டத்தின் நிழல் இல்லை. அதனால்தான் ஒரு வரைபடத்துக்காக அத்தனை போராட்டம். டி.எம். கிருஷ்ணா 2017-இல் பாடி வெளியிட்ட புறம்போக்குப் பாடல்தான் நகரத்தின் மறுகோடியில் இருந்த பலரை எண்ணூர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்க உத்தரவிட்டது. உத்தரவு வந்தபின்னும் சாம்பல் பெருமளவு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

தெற்கில் கிடைத்த வெற்றியும் முழுமையானதல்ல. ராம்சார் எல்லை என்பது வேலிக்குள் இருக்கும் நிலத்துக்கு. பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் தருகிற நீர்ப்பிடிப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். அந்த ஏரிகளும் அவற்றை இணைத்த கால்வாய்களும் மனைகளாக மாறிக்கொண்டே இருக்கும்போது, நடுவில் ஒரு துண்டை மட்டும் காப்பாற்றி வைத்து என்ன பயன்? 2015 டிசம்பரில் வேளச்சேரியும் பெரும்பாக்கமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி மூழ்கின. ராம்சார் தகுதி வந்து அப்போது ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மூழ்கிய வீடுகளில் பல, அரசு அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் வங்கிக் கடனில் கட்டியவை. வாங்கியவர்களைப் பார்த்து ‘ஏரியில் வீடு கட்டினால் அப்படித்தான்’ என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை வாழ்நாள் சேமிப்பைக் கொட்டியவரிடம் கேட்பது நியாயமாகாது.

அதே சதுப்பின் ஓரத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பாதுகாப்பு இயக்கங்களின் மேடையில் அவர்கள் அதிகம் தென்படுவதில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுப் பகுதிகளின் மக்கள். கூவம், அடையாறு கரைகளில் வெள்ள அபாயம் இருக்கிறது, ஆற்றைச் சீரமைக்க வேண்டும் என்று காரணம் சொல்லி நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு அரசு கொடுத்த இடம் ஒக்கியம் மடுவுக்கும் சதுப்புக்கும் ஒட்டிய தாழ்நிலம். ஒரு வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி இன்னொரு வெள்ளத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். ஆற்றங்கரைக் குடிசை சுற்றுச்சூழலுக்குக் கேடு, சதுப்பின் மேல் கட்டிய எட்டு மாடி அப்படியில்லை என்று எந்தத் திட்ட அறிக்கை சொன்னது? சூழலையும் எளியவரையும் ஒரே நேரத்தில் தோற்கடித்த முடிவு அது. பள்ளிக்கரணையைப் பறவைகளின் கதையாக மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததால் இது நம் கண்ணில் படாமல் போயிற்று.

மிக்ஜாம் வடக்கே செய்தது இன்னும் கொடுமை. வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கொசஸ்தலையாற்றிலும் முகத்துவாரத்திலும் படர்ந்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய மட்டத்துக்குக் கறுப்புக் கோடு. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. அதை அள்ளி எடுக்க முதலில் இறங்கியவர்கள் மீனவர்களே. குவளையாலும் வாளியாலும் மொண்டு மொண்டு பீப்பாய்களில் ஊற்றினார்கள். அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். தெற்கே வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கழுவி விட்டுத் திரும்பக் குடியேறினார்கள். வடக்கே வேலைக்குப் போகும் இடமே எண்ணெயில் கிடந்தது. இரண்டும் துன்பம்தான். ஆனால் இரண்டையும் ஒரே நிவாரணத் தொகையால் அளக்க முடியாது.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரையும், ஆய்வு முடியும்வரை கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. சதுப்பு தன் வேலியோடு முடிந்துவிடுவதில்லை என்பதை ஒரு தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். இந்த ஏற்பு வடக்கே போகவில்லை. அங்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் இன்னும் தலைக்கு மேல் தொங்குகிறது. அதற்கான மக்கள் கருத்துக்கேட்பு 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது.

எனவே புதிய பெருநகரத் திட்டத்திடம் கேட்க வேண்டியவை மிகத் தெளிவானவை. 1996 வரைபடத்தின் 6,469 ஏக்கர் அப்படியே அதன் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் இடம்பெற வேண்டும். பள்ளிக்கரணைக்குச் சொன்ன சுற்றுவெளி எண்ணூருக்கும் வரையறுக்கப்பட வேண்டும். தெற்கே செம்பாக்கம் முதல் ஒக்கியம் மடுவு வரையிலான நீர்வழி முழுவதும் ஒரே நிலமாகக் குறிக்கப்பட வேண்டும். கழியின் ஆழத்தைக் கோல் ஊன்றி அறிந்தவர்களை உடன் அழைத்துப்போய், அவர்கள் சொல்லும் இடங்களில் அளந்து, அந்த அளவுகளை அறிக்கையில் சேர்க்க வேண்டும். வரைவுத் திட்டம் இணையத்தில் ஆங்கிலத்தில் ஏற்றப்படுவதோடு நின்றுவிடாமல், தமிழில், கண்ணால் படிக்கும் அளவில், காட்டுக்குப்பத்து மீனவர் கூடத்திலும் பெரும்பாக்கம் குடியிருப்பின் நுழைவாயிலிலும் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபம் சொல்வதற்கான காலக்கெடு அந்தத் தாள் சுவரில் ஏறிய நாளிலிருந்து தொடங்கட்டும்.